ஏவாவின் நாற்காலி

டிசம்பர் 21
ஆபீஸ் வேலையாகப் போலந்து வந்து ஐந்து வாரம். எங்கள் ஊர் கணபதியில் இந்நேரம் பட்டறைச் சத்தம் காதைப் பிளக்கும். இங்கே பனி எல்லாச் சத்தத்தையும் தின்றுவிட்டது.
வீட்டுக்கார ஹலினா அம்மா கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிட்டு, ஒரு நீல ஸ்வெட்டரும் கொடுத்தார். அந்துருண்டை வாசனை. ஆனால் எனக்கு அளவெடுத்துப் பின்னியதுபோல இருக்கிறது.

டிசம்பர் 24
நாலு மணிக்கே இருட்டு. முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. பீட்ரூட் சூப், மீன், கசகசா கேக் என்று பன்னிரண்டு வகை. ஹலினா அம்மா, அவர் தம்பி மாரெக், நான். தட்டுகள் நான்கு.
"எதிர்பாராம வர்ற விருந்தாளிக்கு ஒண்ணு. எங்க வழக்கம்," என்றார் மாரெக்.
ஹலினா அம்மா என் கையைப் பிடித்து அந்தக் காலி நாற்காலியில் உட்காரவைத்தார். அப்பளம்போல மெல்லிய வெள்ளை ரொட்டியை என்னோடு பிட்டுக்கொண்டு, "வந்துட்டியா, ஏவா?" என்றார்.
மாரெக் தலை நிமிரவில்லை.

டிசம்பர் 25
மாரெக்கிடம் கேட்டேன். ஏவா, ஹலினா அம்மாவின் மகள். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு இதே நாளில் கோபித்துக்கொண்டு, சொல்லாமல் கிளம்பிப் போனவள். ஆற்றங்கரையில் அவள் பூட்ஸ் மட்டும் கிடைத்ததாம். அப்போது அவள் வயது இருபத்தாறு.
எனக்கும் இருபத்தாறு.
ஸ்வெட்டர் - அவளோடது. கழட்டிப்போட்டேன்.

டிசம்பர் 26
காலையில் என் அறைக் கதவு திறக்கவில்லை. வெளியே பூட்டியிருந்தது. தட்டினேன், கத்தினேன்.
"பனி கொட்டுது, போகாதே ஏவா." அந்த அளவு போலிஷ் எனக்குப் புரியும். ஹலினா அம்மாவின் குரல் கதவை ஒட்டி வந்தது. எவ்வளவு நேரமா அங்கயே நின்னாங்க?
மதியம் மாரெக் வந்து திறந்தார். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் அழுதேன்.
"ஏங்கண்ணு, அந்தூட்டுல இனி இருக்க வேண்டாம். ஆபீஸ்ல சொல்லி வேற ரூம் பாத்துக்க அம்மணி."

டிசம்பர் 28
பெட்டியோடு கீழே இறங்கினேன். வாசலில் ஹலினா அம்மா. தடுக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் தமிழிலேயே வந்துவிட்டது.
"போயிட்டு வாரேனுங்க."
அவர் நகர்ந்து வழிவிட்டார்.

ஜனவரி 3
மத்தியானம் மாரெக் போனில் கூப்பிட்டார். அக்கா ஒரு வாரமாக வாசல் கதவைச் சாத்துவதே இல்லையாம், இந்தக் குளிரில். கேட்டால், "ஏவா இந்தத் தடவ சொல்லிட்டுத்தான் போனா. போயிட்டு வாரேன்னா," என்கிறாராம்.
நான் தமிழில்தானே சொன்னேன்?
டிராமில் உட்கார்ந்து எழுதுகிறேன். புது ரூமுக்குப் போகிற டிராம் இல்லை இது; ஹலினா அம்மா வீட்டுப் பக்கம் போவது.