சமையற்கட்டுக் கேமரா

தோகா, கத்தார்

அன்புள்ள லோகப்பிரியாவுக்கு,

நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா? பல்லடத்தில் மழை உண்டா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பழைய பிரெஞ்சு நாவல் ஒன்றைத் தமிழில் படித்தேன். சந்தேகப்பட்ட கணவன் சாவித்துவாரம் வழியாகவே மனைவியைக் கவனிக்கிறான். அவள் மனமொடிந்து செத்த பிறகும் காலி அறையைத் தினமும் பார்க்கிறான். வெறும் கதைதான், பயப்படாதே.

நம் வீட்டுத் தறி ரிப்பேருக்கு வந்தவரைப் பற்றி நான் போனில் மூன்று தடவை கேட்டபோது, “ஏனுங்க, ஊட்டுக்கு வந்தவருக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுங்களா?” என்றாய். அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

திருட்டுப் பயம் என்று பொய் சொல்லி நான் சமையற்கட்டில் மாட்டிய கேமராவைக் கழற்றிவிடு. ஸ்டூல் ஆடும், பார்த்து ஏறு. கழற்றுமுன் ஒரு தடவை மேலே பார், கண்ணு.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. எப்போது கழற்றுவாய் என்று சொல்ல வேண்டாம். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

கிருபாசங்கர்