பத்துச் சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய்

அன்பு மகள் ஷெல்பிக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். உயிரோடு என்பதை இந்த மாதம் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. டாம்பா வெயிலில் நீயும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு அந்தப் பழைய ராணுவ லாரியில்தான் போகணும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். ஓட்டாமல் நிறுத்தினால் அதற்கு மூட்டுப் பிடித்துக்கொள்ளுமாம், என் மூட்டுக்கு இப்படி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆலயத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார், மிதி தரையோடு ஒட்டிக்கொண்டது. பத்துச் சக்கரத்துக்கும் ஒரே குழாய், ஓரிடத்தில் ஒழுகினால் மொத்தமும் போச்சு. பக்கத்து வீட்டு ஹாலண்டின் வயலுக்குள் திருப்பி, வைக்கோல் உருளைகளைத் தள்ளிக்கொண்டு போய் ஒருவழியாக நின்றோம். இறங்கியதும் லாரியில் ஒரு கீறல்கூட இல்லை என்று சந்தோஷப்படுகிறார். பனி விழுவதற்குள் இதை விற்காவிட்டால் நான் ஷெல்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாள் இந்த லாரிச் செலவை வீட்டுக் கணக்கில் மருத்துவம் என்றே எழுதி வந்தேன், அவர் மனசுக்கு வேறு மருந்து இல்லை என்று. இனி முடியாது என்றேன், அவரும் தலையாட்டினார்.

மான் வேட்டைக்கு வேண்டுமென்று நகரத்திலிருந்து ஒரு பையன் வாங்க வந்தான். இந்த லாரிக்காரர்களை உனக்குத் தெரியாதா, பேரப்பிள்ளை குறும்பைச் சொல்வதுபோல லாரியின் குறையை எல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்ப ரெண்டு ஆள் வேணும், பிரேக் மனசு வச்சாத்தான் பிடிக்கும் என்று அப்பா அடுக்க அடுக்க, பையனுக்கு அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. எதற்கு இவ்வளவும் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பொய் சொல்லக் கூடாதுன்னு தினமும் சத்தமா வாசிக்கிறது யாரு?" என்றார்.

அடுத்து வந்தவர் மலைக்கு அந்தப்பக்கத்து ரஸ். ஒவ்வொரு குறையைக் கேட்கும்போதும் அவர் முகம் மலர்ந்தது. அவரிடமும் ஒன்று இருக்கிறதாம், ஸ்டார்ட்டே ஆகாதாம். விலையை யாரும் பேசவில்லை. இருவரும் லாரிக்கு அடியில் படுத்தவர்கள் சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்தார்கள். வார முடிவில் முன் சக்கரத்துக்குத் தனிக் குழாய், பின்னுக்குத் தனிக் குழாய். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் என்று சொல்லி, அதே இறக்கத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறப்பதற்குள் லாரி நின்றுவிட்டது.

மறுநாள் ரஸ் தன் ஓடாத லாரியையும் கட்டி இழுத்து வந்தார். "உதிரிக்கு ஆகும், வச்சுக்கோங்கண்ணே" என்று சொல்லி விட்டுவிட்டுப் போய்விட்டார். இந்த லாரிக்கு ஒரு வழி காட்டும் என்றுதான் நான் வேண்டியிருந்தேன். இனி விவரமாக வேண்டவேண்டும்.

ஆகவே எனக்கென்று அறை ஒழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. கிறிஸ்துமஸுக்கு வரும் விமானத்தின் நேரத்தை மறக்காமல் எழுது. உன்னை அழைக்க அப்பா லாரியில்தான் வருவாராம். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே காரணத்தையும் ரஸ் சரிசெய்துவிட்டார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா ஆர்டித்