குன்றேறிய ரேடியோக்காரி

பிப்ரவரி 9

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். மாற்றலாகிப் போன ஊரில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் ஆரம்பித்தால் சண்டையில் முடிகிறது, அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரே மெஷின் வந்திருக்கிறது. வேலை என்னவோ பழையதுதான்.

சின்ன ரேடியோவைப் பார்சலில் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன். பெரிய செட்டைத்தான் கையோடு கொண்டுபோய்விட்டீர்களே. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள், நான் ஏரியல் கம்பத்தைப் பிடித்தேன். வெயிலில் கம்பத்தோடு கம்பமாக நின்று காதில் வாங்கியது வீண்போகவில்லை. ஹாம் ரேடியோவில் நானே வானலையில் பேசுவதற்கான பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டேன். உரிமமும் எனக்கென்று தனி அழைப்புக்குறியும் வந்துவிட்டன. முன்கூட்டி உங்களிடம் சொல்லவில்லை. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்ததை நீங்களும்தான் சொல்லவில்லை. பெட்டி கட்டும்போதுதானே எனக்குத் தெரிந்தது?

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த்தொட்டிக் குன்றுக்குப் போகிறேன்.

இன்னமும் உங்கள் மனைவி

*

பிப்ரவரி 14

வீட்டுக்காரம்மாவுக்கு,

பாஸானதில் சந்தோஷம், நிஜமாகவே. ஆனால் பரீட்சை எழுதுவது வேறு, குன்றில் நிற்பது வேறு. அங்கே காற்று ஆளையே தள்ளும். அது உள்ளங்கை அகல ரேடியோ, சைக்கிள் விளக்கு எரிகிற அளவுக்குத்தான் அதன் சக்தி. ஏரியலைச் சரியாகப் பொருத்தாமல் பேசினால் செட் சூடாகிப் புகைந்துவிடும். பேசாமல் எனக்கு அனுப்பு. லீவில் வரும்போது சேர்ந்து போகலாம்.

அம்மா வேறு போனில் பிடித்துக்கொண்டாள். "அவளை ஏண்டா தனியா விட்டுட்டுப் போனே? இப்பப் பாரு, ரேடியோவைத் தூக்கிட்டுக் குன்று குன்றா அலையப் போறா." நான் என்ன பதில் சொல்வது, நீயே சொல்.

கோபத்தில் எழுதவில்லை.

உன் கணவன்

*

மார்ச் 1

என்னங்க,

நீங்கள் சொன்ன காற்று நிஜம்தான். வேலித்தூணில் கட்டி நிமிர்த்துவதற்குள் கம்பம் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. ஏரியல் கம்பி முள்மரத்தில் சிக்கியது. அதை எடுக்கப் போய் என் சட்டைக் கையும் கிழிந்தது. தொட்டிக் காவலாளி ஓடிவந்தார்.

"என்னம்மா, செல்போன் டவர் வைக்கப் போறீங்களா?"

"இல்லண்ணே, பேசிப் பாக்கப் போறேன்."

"யார்கிட்ட?"

"யார் கெடைச்சாலும்."

தலையைச் சொறிந்துகொண்டே, பறந்துவிடாமல் என் பைமேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

தொண்டை வறளக் கூப்பிட்டேன். ஒரு ஈ காக்கைகூடப் பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் பேசுவதும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. இறங்கும்போது அழுகை வந்துவிட்டது. உங்களிடம் மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து ஆற அமர ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கம்பி ரேடியோவில் சேரும் முனையில் ஈயம் விட்டுப்போயிருந்தது. நீங்கள் பற்றவைத்ததுதான். எக்ஸ்ரே மெஷின் மெக்கானிக்கிடம் சால்டரிங் கருவியை இரவல் வாங்கினேன். முதலில் ஈயம் உருண்டு ஓடியது. விரலைச் சுட்டுக்கொண்டேன். அப்புறம் பிடித்துக்கொண்டது. ஊரார் எலும்பில் முறிவு கண்டுபிடிக்கிறவள், ஒரு கம்பியையா விட்டுவிடுவேன்?

அத்தையிடம் சொல்லுங்கள், நான் அலையவில்லை, ஏறுகிறேன்.

பத்தாம் தேதி ஞாயிறு காலையில் மறுபடியும் போகிறேன். நாற்பது மீட்டர் அலைவரிசையில் இருப்பேன். உங்களைக் கேட்கச் சொல்லவில்லை.

மனைவி

*

மார்ச் 11

அன்புள்ள உனக்கு,

கேட்கச் சொல்லவில்லை என்று எழுதினால் கேட்காமல் இருப்பேனா? காலையிலேயே பெரிய செட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வெறும் இரைச்சல். அதன் அடியிலிருந்து மெல்ல ஒரு குரல். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாலே எனக்குக் காதில் விழாது என்பாயே, அந்தக் குரல் அத்தனை தூரம் தாண்டி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

உன் அழைப்புக்கு ஒரு பல் டாக்டர் வந்தார், ஒரு ரயில் டிரைவர் வந்தார், அப்புறம் யாரோ ஒரு கல்லூரிப் பெண். எல்லாருக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னாய். நடுவில், "ஒரு நிமிஷம் இருங்க, கம்பம் சாயுது" என்று போனவள், விட்ட இடத்திலேயே வந்து பிடித்தாய்.

நானும் என் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டேன். "உங்க சிக்னல் நல்லாக் கேக்குது. இங்க வெயில். நன்றி, அடுத்தவங்க வரலாம்" என்றாய். அவ்வளவுதான். கட்டின புருஷனை வழிப்போக்கனாக்கிவிட்டாளே என்று மைக்கை வைத்துவிட்டு டீ போடப் போனேன். பால் பொங்குவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிவந்து நீ முடிக்கும்வரை கேட்டேன்.

அங்கேயே திரும்ப மாற்றல் கேட்டால் கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உன்னைக் கேட்காமல் இனி எதுவும் எழுதிக் கொடுப்பதாக இல்லை. கேட்கட்டுமா?

உன் பதிலுக்காக,
உன் கணவன்

*

மார்ச் 16

என்னங்க,

உங்கள் குரல் வந்ததும் நோட்டில் உங்கள் அழைப்புக்குறியை இரண்டு தடவை எழுதிவிட்டேன். பின்னால் ஆட்கள் காத்திருக்கும்போது குடும்பக் கதை பேச முடியுமா? அதுவும் உலகமே ஒட்டுக்கேட்கிற இடத்தில்.

மாற்றல் விஷயத்துக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல மனசில்லை. வாருங்கள் என்றால் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வீட்டுக்கு வேண்டாம், நேராகக் குன்றுக்கு. முதல் பஸ் அடிவாரத்தில் நிற்கும். தண்ணீர்த்தொட்டி என்று பெயர்தான், குடிக்க ஒரு சொட்டுக் கிடைக்காது. ஒரு பாட்டில் கொண்டு வாருங்கள். கம்பத்தைப் பிடிக்க வேண்டாம், இழுத்துக் கட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். மரத்தடியில் நிழல் இருக்கும், உட்காருங்கள்.

எல்லாரோடும் பேசி முடித்து, ரேடியோவை அணைத்துவிட்டு உங்களோடு பேசுகிறேன். நேரம் ஆகும்.

உங்கள் மனைவி