இரும்பில்லாத புரதம்

சீரஸ் குறுங்கோள் நிலையம், பணிப்பதிவு
பதிபவர்: செலின் பர்னாந்து, உயிர்வேதியியல்

மார்ச் 4, 2119. காலை 9:10

தண்ணீர்க் குழாயில் வளர்ந்த பூஞ்சையின் மரபணு வரிசை முழுதாக வந்துவிட்டது. பூமியிலிருந்து எங்களோடு வந்ததுதான். கதிர்வீச்சில் உருமாறியிருக்கிறது. கையிருப்பு மருந்து எதற்கும் மசியவில்லை. பொறியாளர் திருமேனியும் விமானி ஹபீபாவும் நோய் அறையில். எங்கள் மூவரில் எனக்கு மட்டும் தொற்றவில்லை.

பூஞ்சை தன் சவ்வைக் கட்ட ஒரு நொதியை நம்பியிருக்கிறது. அந்தப் புரதத்தின் வடிவத்தைத் தரவுத்தளத்தில் தேர்ந்தெடுத்து, அதன் பள்ளத்தை அடைக்கும் மூலக்கூறை வடிவமைக்க வேண்டும். பூட்டைப் பார்த்துச் சாவி வெட்டுகிற வேலை. பூட்டைத் தப்பாக எடுத்தால் சாவி வேறு எதையாவது திறக்கும்.

மார்ச் 4. மதியம் 2:30

எங்கள் தரவுத்தளப் பிரதியில் அந்த நொதிக்குத் தேறிய கட்டமைப்புகள் மூன்று. முதலாவது படம் மங்கல். அணு எங்கே இருக்கிறதென்று பாதி ஊகம். இரண்டாவதில் பள்ளத்தின் வாயிலேயே ஒரு துண்டு காணோம். மூன்றாவது தெளிவு, உள்ளே ஒரு மருந்தும் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஒரு அமினோ அமிலம் மாறிய வகை. பொதுவாக நான் ஒதுக்கிவிடுவேன்.

மார்ச் 5. காலை 11:00

பூமியிலுள்ள தலைமையகத்திலிருந்து வரதராஜன்:

"செலின், உங்க பிரதியில இல்லாத புது கட்டமைப்பு ஒண்ணு அனுப்பறேன். இங்க ஒரு ஆய்வகம் இப்பதான் முடிச்சது. ரொம்பத் தெளிவு. மத்ததெல்லாம் விட்டுடும்மா. இதையே வெச்சு மருந்து பண்ணு."

கோப்பு வந்தது. ஒரு துண்டும் குறையவில்லை. வேண்டியது கேட்காமலே வந்திருக்கிறது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

மார்ச் 5. மாலை 4:20

இதில் இரும்பு இல்லை.

நான் தேடும் நொதியின் நடுவில் ஒரு இரும்பணு இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் அது வேலையே செய்யாது. அவசரத்தில் விட்டுவிட்டார்களோ? ஆதாரமான பரிசோதனைத் தரவைக் கேட்டேன்.

"அதெல்லாம் பெரிய கோப்பு, அனுப்ப நேரமில்ல. மீட்புக் கப்பல் கிளம்பியாச்சு. அது வர்றதுக்குள்ள மருந்து உள்ள போயிருக்கணும். என்னை நம்பு."

நான் தரவைத்தான் கேட்டேன். நம்பிக்கையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

திருமேனி நோய் அறை ஒலிபெருக்கியில் இருமிக்கொண்டே கேட்டார்: "டாக்டர், கப்பல் வருதுங்கறாங்களே. நம்மள ஏத்திக்கப் போறாங்களான்னு கேட்டீங்களா?"

கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

மார்ச் 6. காலை 8:15

கோப்பின் தலைப்பில் எழுதியிருக்கும் வரிசை பூஞ்சையுடையது. உள்ளே இருக்கும் அணுக்களை ஒவ்வொன்றாகப் படித்தால் வேறு வரிசை வருகிறது. ஆழமான, ஒடுக்கமான பள்ளம், சுவரெல்லாம் வளைய வடிவ அமினோ அமிலங்கள். இதை எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்க ஒரு மணி நேரம் முயன்றேன்.

இது மனிதப் புரதம். நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை உடனுக்குடன் துடைக்கிற நொதி. இதை அடைத்தால் மூச்சுத் தசைகள் நின்றுவிடும்.

பெயரை மாற்றி எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். யாரோ கோப்பை மாற்றி எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கத்தான் ஆசை. தலைப்பை மட்டும் கவனமாகத் திருத்தியிருப்பது அதற்கு இடம் தரவில்லை.

மார்ச் 6. மதியம் 12:50

மூன்றாவதை மறுபடி எடுத்தேன். அதில் மாறியிருந்த அந்த ஒரு அமினோ அமிலம் எங்கள் பூஞ்சையிலும் அதே இடத்தில், அதே மாதிரி மாறியிருக்கிறது. குறை என்று ஒதுக்கியதுதான் எங்களுக்குப் பொருந்துகிற பூட்டு. அதற்குச் சாவி வெட்டினேன். மருந்து தயாரிக்கும் இயந்திரம் ஓடுகிறது.

தலைமையகத்துக்கு: "நீங்கள் அனுப்பியதை வைத்தே செய்கிறேன்."

மார்ச் 8. காலை 10:05

நேற்றுப் போட்ட ஊசியில் ஹபீபாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. "அக்கா, பசிக்குது" என்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். திருமேனி எழுந்து உட்கார்ந்தார்.

வரதராஜன்: "மருந்து குடுத்தாச்சா? மூச்சு எப்படி இருக்கு?"

காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை.

இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஹபீபா சொன்னபடி தலைமையகத்துக்கு அனுப்பினேன்: "இருவருக்கும் மூச்சு நின்றுவிட்டது."

மார்ச் 8. மதியம் 1:30

வரதராஜன்: "ரொம்ப வருத்தமா இருக்கு செலின். உன் மேல தப்பில்ல. உனக்கும் தொத்தியிருக்கலாம். முன்ஜாக்கிரதையா நீயும் ஒரு ஊசி போட்டுக்கோ. போட்டதும் ஒரு வார்த்தை அனுப்பும்மா."

குரல் அன்பாகவே இருந்தது. பூமிக்குப் பூஞ்சை போகக் கூடாது. அதற்கு விலை நாங்கள் மூவர். கணக்கு புரிகிறது. அதை என் கையாலேயே முடிக்கப் பார்த்ததுதான் தாங்கவில்லை.

"போட்டுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு, செய்தி அனுப்பும் கருவியை அணைத்தோம். கேட்கும் கருவி மட்டும் ஓடுகிறது.

மார்ச் 9. காலை 7:40

கப்பல் நிலையத்துக்கு மேலே நிற்கிறது. புதுக் குரல், சின்ன வயசுப் பெண்:

"நிலையம், நிலையம். உள்ள யாராவது உயிரோட இருக்கீங்களா? யாருமில்லன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. ஆனா வெளிச்சம் தெரியுது. இருந்தா சொல்லுங்க, நான் இறங்கி வர்றேன்."

திருமேனி பேசச் சொல்கிறார். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்கிறார். ஹபீபா என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். யாரும் மிஞ்சவில்லை என்று உறுதி செய்யத்தான் கேட்கிறார்கள் என்கிறாள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: கோப்பின் தலைப்பை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் அணுக்களைப் படியுங்கள். ஒரு குரலை எப்படிப் படிப்பது என்று எனக்குத்

"இருக்கீங்களா? தயவுசெஞ்சு ஏதாவது சொல்லுங்க."

அனுப்பும் கருவியைப் போடுகிறேன். ஹபீபா கையை விடவில்லை.