ஒரு பிடி சிவப்பு

அன்பு மகள் வாண்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சண்டை போடுகிற அளவுக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுவதாக நம்புகிறேன், நம்பித்தானே ஆகவேண்டும்.

நீ செய்து அனுப்பிய மிஷின் எங்கள் சாயப்பட்டறைத் தொட்டியில் நன்றாகவே ஓடுகிறது. காதுக்குக் கேட்காத சத்தம் தண்ணீருக்குள் பொடிக்குமிழிகளை ஊதி வெடிக்க வைத்து விஷத்தை உடைக்கும் என்றாயே, உன் அம்மாவின் மௌனத்தோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு அதை நம்பச் சிரமமே இல்லை. ஆனால் முதலில் நிறம்தான் போகும், விஷம் உடைய இன்னும் பல மணி நேரம் ஓட்டவேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னதை முதலாளி கேட்டால்தானே. கலர் போயிருச்சுல்ல, அப்புறம் எதுக்குய்யா கரண்டு என்று அணைக்க வைத்து, அப்படியே தெருக் கால்வாயில் திறந்துவிடச் சொல்கிறார். சோதிக்க வந்த அதிகாரியும் எட்டிப்பார்த்து, தெளிவாத்தானே இருக்கு என்று போய்விட்டார். முன்பு சிவப்பாக ஓடும்போது நாய்கூட வாய் வைக்காது. இப்போது பளிங்கு மாதிரி ஓடுகிறது, இருக்கிற தண்ணீர்ப் பஞ்சத்தில் தெருவே குடத்தோடு வந்து நிற்கிறது. குடிக்காதே என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெத்த பொண்ணு மேலயே பொறாமையாண்ணே என்று எதிர்வீட்டுத் தையல்காரி சிரித்துவிட்டு இரண்டு குடம் பிடித்துப் போனாள். மறுநாள் உன்னை வாழ்த்திக்கொண்டே வாந்தியெடுத்தாள். இன்னும் எழுந்திருக்கவில்லை, வாயெல்லாம் புண், அந்த வாயாலும் உன் புகழ்தான்.

அதனால் இப்போதெல்லாம் மிஷினை அணைத்ததும், பலகாரக் கடையில் போடுகிற சிவப்புக் கலர்ப் பொடி ஒரு பிடியைத் தொட்டியில் தூவிவிட்டுத்தான் திறக்கிறேன். அந்தத் தண்ணீரில் வயிற்றுக்கு ஆகிற பொருள் அது ஒன்றுதான். சாயப்பட்டறைக்காரன் கை சிவந்திருந்தால் எவன் சந்தேகப்படுவான்? தெரு, குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டது, உன் பேரையும் சேர்த்து. படிச்ச கழுதை செஞ்ச மிஷின், ஒரு மாசம் தாங்கலை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்கிறார். நானும் பக்கத்தில் நின்று, ஆமாங்க, சின்ன வயசுலயே அதுக்குக் கணக்கு வராது என்று தலையாட்டுகிறேன். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டுதான் கடைக்குப் போகிறாள். அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன் மானத்தைக் காப்பாற்ற ஊர் வயிற்றைப் பலிகொடுத்துவிடுவாள்.

முதலாளி போன் போட்டு உன்னைக் கிழிப்பார். வாயைத் திறக்காதே, தப்பு என்னுதுதான் என்று ஒப்புக்கொள். அழுவதானால் போனை வைத்துவிட்டு அழு. ரோஷப்பட்டு மிஷினைச் சரிசெய்ய ஆள் அனுப்பினால், நான் இரண்டு பிடி போடுவேன், ஞாபகம் வைத்துக்கொள். நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

உன் பேரைக் கெடுத்துக்கொண்டிருக்கும்,
அப்பா