அம்மா அறையின் சுவர்

மார்ச் 3

அன்புள்ள வாலு,

சுவருக்குள் வைத்துக் குளிரைத் தடுக்கும் உன் ஏரோஜெல் பலகைக்கு என் கம்பெனி முதல் கட்டடத்தைப் பிடித்துவிட்டது. எது தெரியுமா? அம்மா இருக்கும் முதியோர் இல்லம்! அந்தக் குளிரில் மூட்டுவலி அவள் உயிரை வாங்குகிறது. இனிமேல் பெண் செய்த பலகை காக்கட்டும்.

தீச்சோதனைப் படத்தைப் போட்டுக் காட்டினேன். சுடர் தானாக அணைந்ததும் ஒரே கைதட்டல். வெறும் வைக்கோல் கூழில் செய்தது என்றேன். "அப்போ மாடு புகுந்தா சுவரையே தின்னுடுமே!" என்றார் மேனேஜரம்மா.

தீப்பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு என்றதும் கண் கலங்கிவிட்டது. போனில் சொன்னால் கத்துவாய் என்றுதான் எழுதுகிறேன்.

படத்தின் மீதியை ஏன் வெட்டினாய்? சுடர் அணைந்த பிறகும் பலகைக்குள் கங்கு தின்றுகொண்டே போகிறது. வெளியே தெரிவது நூலளவு புகைதான். சுவருக்குள் நடந்தால் யார் பார்ப்பது? களிமண் கலவையை மாற்றிக்கொண்டிருக்கிறேன், அடக்கிவிடலாம். அடுத்த குளிர்காலம் வரை பொறு. அதுவரை என்னிடம் கையெழுத்துக் கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

உன் வாலு

மார்ச் 15

வாலு,

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதே உனக்குப் பிழைப்பு. சுடர் அணைய வேண்டும் என்பது விதி, அணைந்தது. கங்காவது கிங்காவது! காத்திருந்தால் போட்டிக்கு நிற்கும் ஃபோம் கம்பெனிக்காரன் இந்த ஆர்டரைக் கொத்திக்கொண்டு போய்விடுவான்.

பெற்றவள் தூங்கும் அறையில் கெட்டதை வைப்பேனா? உன் ஆய்வகத்து இயக்குநரே கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளை வேலை ஆரம்பம்.

அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணா,

நேற்று அம்மாவைப் பார்க்கப் போனேன். கையைச் சொறிந்துகொண்டே குறைபட்டாள்.

"உங்கண்ணன் கூடவே நின்னு வேலை வாங்கினான்டி. எல்லா ரூமுக்கும் உன் பலகை, எனக்கு மட்டும் பழைய கண்ணாடிப் பஞ்சு. அந்தத் தூசிதான் அரிக்குது. 'ஏன்டா, எம்பொண்ணு செஞ்சது எனக்குக் கிடையாதா'ன்னேன். 'சும்மா இரும்மா'ன்னுட்டான். உன்மேல அப்படி என்னடி பொறாமை அவனுக்கு?"

சுவிட்சுப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே தீயே பிடிக்காத மஞ்சள் பஞ்சு. பக்கத்து அறையில் எழுந்து நடக்க முடியாத ஒரு டீச்சரம்மா. அவர் தலைமாட்டுச் சுவருக்குள் இருப்பது என் பலகை. "உங்க புண்ணியத்துல இப்போ குளிரே தெரியலைம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் வேலையைப் பாராட்டியவர்கள் நிறையப் பேர். நான் சொன்னதை அப்படியே நம்பியவன் நீ ஒருவன்தான்.

வெட்டாத படத்தை இன்று மேனேஜரம்மாவிடமும் தீயணைப்பு அலுவலகத்திலும் கொடுத்துவிட்டேன். சுவர்களைப் பிரிக்கப் போகிறார்கள். உன் கம்பெனி மிஞ்சாது, என் வேலையும் மிஞ்சாது. அம்மா இன்னும் பொறாமை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையை நீயே போய்ச் சொல்.

பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
டீச்சரம்மாவின் சுவருக்குப் பலகை செய்தவள்