குதிரைகள் மிதித்த தினைக்கொல்லை

அன்புள்ள தோஹ்வா அக்காவுக்கு, இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதே. விடுதியில் உன் பக்கத்தில் படுக்கும் பெண்களுக்கும் காட்டாதே, அவர்களில் ஒருத்தி நம் ஊர்க்காரி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அப்பா மேலூருக்குப் போயிருக்கிறார். சமையலறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். இனி 'நான்' என்று வருவதெல்லாம் அம்மா. நடுவில் நான் பேசினால் மால்சுன் என்று சொல்லிவிட்டுப் பேசுவேன்.

மகளே, இங்கே எல்லோரும் சௌக்கியம், முக்கியமாக நான் சௌக்கியம். அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். கடல் தாண்டி அந்தப் பூசான் பட்டணத்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. செவலைப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. கோழிகளில் பாதி அடைகாக்கிறேன் என்று முட்டையிடாமல் உட்கார்ந்திருக்கின்றன. சர்க்கரைவள்ளியைச் சீவிக் கூரைமேல் காயவைத்தாயிற்று, சோயா விழுதும் இரண்டு ஜாடி இருக்கிறது, குளிர்காலத்துக்குக் கவலையில்லை. தினை இந்த வருஷம்போல் என்றும் விளைந்ததில்லை. விதைத்த அன்று மழை விட்டதும் மேலூர் யாங் வீட்டார் தங்கள் குதிரைகளை நம் கொல்லைக்குத்தான் முதலில் ஓட்டிவந்தார்கள். நம் மண் உனக்குத் தெரியும், சாம்பல் மாதிரி, குதிரை மிதித்து இறுக்காவிட்டால் ஒரே காற்றில் விதையெல்லாம் கடலுக்குப் போய்விடும். எப்போதும் நாம்தான் கடைசி. ஊரார் கொல்லையெல்லாம் மிதித்துக் களைத்தபின் குதிரைகள் வரும், அதற்குள் பாதி விதை பறந்திருக்கும். இந்தத் தடவை மட்டும் ஏன் முதலில் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கதிர் பிடிக்கும் நேரத்தில் உன் அப்பா போன வருஷத்துக் காளைக்கன்றைக் கொடுத்து இரண்டு பன்றிகளை மாற்றிக்கொண்டு வந்தார். நம் கொட்டிலில் என்றும் ஒரு பன்றிதான், கழிப்பிடத்தில் விழுவதையும் தவிட்டையும் தின்று எரு போடும். இப்போது மூன்று. ஒரு வீட்டில் மூன்று பன்றி கொழுக்கிறது என்றால் அங்கே கல்யாண விருந்து என்று நம் ஊரில் பால் மறக்காத குழந்தைக்கும் தெரியும். மால்சுன் பள்ளிக்கூடம் போகிறவள். அப்புறம் யாருக்கு?

கேட்டேன். யாங் வீட்டு இரண்டாவது மகன் சங்யுலுக்கு உன்னைப் பேசி முடித்தாயிற்றாம். அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். 'கேட்டா வேண்டாம்னு சொல்லுவா, அப்புறம் அடுத்த வருஷம் கொல்லைய நீயா மிதிப்ப?' என்றார். மிதிக்கிறேன் என்றேன். 'நாலு காலு முளைக்கட்டும், பாக்கலாம்' என்று சிரித்தார். உப்பைத் தவிர எதையும் கடையில் வாங்காத வீடு என்று உன் அப்பாவுக்கு எவ்வளவு பெருமை! அதைச் சொல்லித்தான் நானும் கேட்டேன், 'ஆமா, நீங்க ஒண்ணுமே வாங்குறதில்ல, குதிரைய மட்டும் பெத்த பொண்ணக் குடுத்து வாங்குறீங்க' என்று. அதற்கப்புறம் சிரிக்கவில்லை. எனக்கு உடம்பு முடியவில்லை, படுத்த படுக்கை என்று அன்றைக்கே ஊரில் சொல்லிவிட்டார். என்னை வெளியே வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஆனால் பன்றிகள் கத்துகின்றனவே, அதனால் இருட்டியபின் நோயாளிதான் போய்த் தீனி வைக்கிறாள்.

மால்சுன்: அக்கா, நாளைக்கு அப்பா என்னை உட்காரவைத்து உனக்கு இன்னொரு கடிதம் எழுதச் சொல்வார். அம்மா சாகக் கிடக்கிறாள், உடனே கப்பல் ஏறு என்று. மறுத்தால் என் புத்தகப்பை அடுப்புக்குப் போகும், அப்படித்தான் சொன்னார். நான் எழுதிவிடுவேன். என் கையெழுத்தாக இருக்கிறதே என்று நீ அதை நம்பாதே.

மகளே, அந்தப் பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை. குதிரையோடு நாளெல்லாம் பேசுவான், மனிதர்களைக் கண்டால் வாய் திறக்கமாட்டான். கட்டிக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம், நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில் மணப்பெண்ணாகிவிடாதே. வருவதானால் தெரிந்துகொண்டு வா. வராவிட்டால் பன்றிகளை ஊரார் விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். தினைக்கு நானும் மால்சுனும் பசுவைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிறோம், ஒரு பகல் வேலை நாலு பகலாகும், அவ்வளவுதான். வேலை செய்யும் இடத்தில் பசை வாசனை தலைவலி கொடுக்கும் என்றாயே, ஜன்னல் ஓரமாக இடம் கேள். இரவில் தனியாக நடக்காதே. மலையும் கடலும் உன்னைக் காக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை. இப்படிக்கு, உன்னைப் பெற்ற

மால்சுன்: அக்கா, கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் குரல். கூடவே யாங் வீட்டு அம்மாளும், நோயாளிக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்கிறாளாம். சீக்கிரம் படும்மா என்கிறேன், பாயை விரித்தும் விட்டேன். அம்மா பாயைச் சுருட்டி மூலையில் வைக்கிறாள். 'நீ எழுதுனத மடிச்சு உள்ள வை' என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தானே போய்த் தாழ்ப்பாளை